ஆன் ஆகாத பழைய சர்வர்

பத்துப் பன்னிரண்டு வருடம் ஓயாமல் ஓடிய சர்வர் பெரும்பாலும் ஓட்டத்தின் நடுவே படுப்பதில்லை. யாராவது நிறுத்தியபின்தான் எழ மறுக்கும். யுபிஎஸ் பேட்டரி மாற்றுவதற்காக அணைத்திருப்பார்கள். அறைக்கு வெள்ளையடிக்க மேஜையோடு நகர்த்தியிருப்பார்கள். பொங்கல் விடுமுறைக்குப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போது மெயினையே இறக்கியிருப்பார்கள். திரும்பி வந்து பட்டனை அழுத்தினால் விளக்கும் இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. “நேற்றுவரை நல்லா ஓடிட்டிருந்துச்சே” என்பார்கள். உண்மைதான். ஓட்டத்தில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் தன் வேலையைத் தானே தொடர்ந்துகொள்ளும். நின்ற இடத்திலிருந்து கிளம்பத்தான் அதற்குத் தெம்பு வேண்டும். கண்டென்சர் பலவீனமான சீலிங் ஃபேன் சுவிட்சைப் போட்டால் முனகிக்கொண்டு நிற்கும், கையால் ஒரு தள்ளு தள்ளிவிட்டால் சுற்றத் தொடங்கும். ஏறக்குறைய அதே கதைதான் இங்கேயும்.

இங்கேயும் குற்றவாளி பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். அலுமினிய உருளைக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் மெல்லக் காய்ந்துபோகிறது. சாதாரணமாக மேலே 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்பது பல ரகங்களுக்குத் தயாரிப்பாளர் தரும் கணக்கு. சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், 10 டிகிரி கூடினால் பாதியாகும். எஸ்எம்பிஎஸ்ஸைக் கிளப்பிவிடுவதற்கென்றே இருக்கும் சிறிய கெப்பாசிட்டர் பல மாடல்களில் ஹீட்சிங்கை ஒட்டியே அமைந்திருக்கும். ஏசி இல்லாத அறையில், தூசி அடைத்த ஃபேனுக்குப் பின்னால், அது எவ்வளவு நாள் தாங்கியது என்பதே ஆச்சரியம். போதாக்குறைக்கு 1999 முதல் 2007 வாக்கில் தரமற்ற எலக்ட்ரோலைட் கொண்ட கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்க மதர்போர்டுகளுக்குள்ளும் எஸ்எம்பிஎஸ்களுக்குள்ளும் போய்ச் சேர்ந்தன. அந்தக் காலத்துப் பெட்டி என்றால் சந்தேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இந்த அத்தியாயம் டெல் பவர்எட்ஜ் 2950, எச்பி புரோலையண்ட் டிஎல்380 ஜி5, ஐபிஎம் சிஸ்டம் எக்ஸ்3650 போன்ற ரேக் சர்வர்களையும், அதே காலத்தில் ஏடிஎக்ஸ் பெட்டியில் அசெம்பிள் செய்த டவர் சர்வர்களையும் மனதில் வைத்து எழுதியது. மாடல் மாறினாலும் பார்க்க வேண்டிய வரிசை மாறாது. மின்சாரம் சுவரிலிருந்து கிளம்பி எதுவரை வந்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அது தெரியும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றாதீர்கள்.

முதலில் டிஸ்க்

ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுக்கும் முன் உரிமையாளரிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: கடைசி பேக்கப் எப்போது எடுத்தது, அது எங்கே இருக்கிறது? பதில் தயங்கி வந்தால், பேக்கப் இல்லை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். சர்வர் பெட்டியைப் பழைய மார்க்கெட்டில் வாங்கிவிடலாம். அதற்குள் இருக்கும் கணக்கு வழக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

ஆன் ஆகாத சர்வரில் டிஸ்குகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைக் கெடுப்பது ரிப்பேர் பார்க்கும் அவசரம்தான். ஒவ்வொரு டிஸ்க்கின் முகப்பிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி 0, 1, 2 என்று ஸ்லாட் எண்ணை எழுதுங்கள். போனில் ஒரு படம் எடுங்கள். பிறகு லாச்சைத் திறந்து ஒவ்வொன்றையும் ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுத்து விடுங்கள். இடம் மாறாது, ஆனால் கனெக்டரிலிருந்து விலகி நிற்கும். கெட்டுப்போன எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டுக்குப் பதிலாக வேறு எதையாவது தள்ளினாலும் டிஸ்குக்குப் போகாது. அசெம்பிள் செய்த பெட்டியில் டிஸ்க்கின் பவர் கேபிளைக் கழற்றினால் போதும். டேட்டா கேபிள் எந்த போர்ட்டிலிருந்து வருகிறது என்பதையும் எழுதி வையுங்கள்.

ஹார்டுவேர் ரெய்டு கார்டு இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய் நின்றிருந்தால், டிஸ்கில் இன்னும் எழுதாத தகவல் கார்டின் கேஷ் மெமரியில் இருக்கலாம். அதைக் காப்பது கார்டிலேயே இருக்கும் சிறிய பேட்டரி. புது பேட்டரியே சில நாள்தான் தாங்கும். பழையது என்றால் மணிக்கணக்குத்தான். ஆகவே கார்டையும் பேட்டரியையும் பிரிக்காதீர்கள், வேலையை நாளைக்கென்று தள்ளாதீர்கள். இரண்டாவது, ரெய்டின் அமைப்பு விவரம் கார்டில் மட்டுமல்ல, டிஸ்குகளிலும் எழுதப்பட்டிருக்கும். கார்டையோ மதர்போர்டையோ மாற்ற நேர்ந்து, திரையில் ‘ஃபாரின் கான்ஃபிகரேஷன்’ என்று வந்தால் ‘இம்போர்ட்’ என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘கிளியர்’ கொடுத்தால் அந்த விவரம் அழிந்துபோகும். அந்த நேரத்தில் கை நடுங்கினால் எதையும் அழுத்தாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மின்சாரம் எதுவரை வந்திருக்கிறது?

இனி பெட்டியைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். எந்த விளக்கும் இல்லாமல் முழு இருட்டாக இருக்கிறதா? பின்னால் எஸ்எம்பிஎஸ் விளக்கோ நெட்வொர்க் போர்ட் விளக்கோ எரிந்தும் பட்டனுக்குப் பதில் இல்லையா? பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றி அடங்கிவிடுகிறதா? அல்லது எல்லா ஃபேனும் சுற்றியும் திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லையா?

கடைசியாகச் சொன்னது பவர் கோளாறு அல்ல. ரேம், பிராசசர், டிஸ்ப்ளே சம்பந்தப்பட்டது. இந்த அத்தியாயத்துக்கு வெளியே. மற்ற மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தைக் காட்டுகின்றன. எந்த நிலை என்பதைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. எங்காவது ஷார்ட் இருந்தால் ஒவ்வொரு அழுத்தலும் அதை இன்னும் மோசமாக்கும்.

சுவரிலிருந்து பெட்டி வரை

முழு இருட்டு என்றால் முதல் சந்தேகம் சர்வருக்கு வெளியே. ஸ்பைக் பஸ்டரைத் தவிர்த்து, யுபிஎஸ்ஸையும் தவிர்த்து, நேராகச் சுவர் பிளக்கில் கொடுத்துப் பாருங்கள். பவர் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வருடக்கணக்கில் சூடேறிய கேபிளின் முனை உள்ளே தளர்ந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். ஃபேஸ் வந்தாலே அதன் விளக்கு எரிந்துவிடும். நியூட்ரல் அறுந்திருந்தாலும் எரியும். மல்டிமீட்டரை ஏசியில் வைத்து ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளந்தால் 230-ஐ ஒட்டி வர வேண்டும். ஃபேசுக்கும் எர்த்துக்கும் அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் வந்தால் பரவாயில்லை. பத்து, இருபது என்று காட்டினால் எலக்ட்ரீஷியனை அழைத்துவிட்டு, சர்வர் வேலையை அதுவரை நிறுத்தி வையுங்கள்.

எர்த் விஷயத்தில் ஒரு சின்னச் சோதனை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பிளக்கைப் போட்ட நிலையில் டெஸ்டர் முனையைச் சர்வர் பெட்டியின் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்க்ரூவில் வையுங்கள். விளக்கு மங்கலாக எரிந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே வரும் வழியில் இரைச்சலை வடிகட்டும் இரண்டு கெப்பாசிட்டர்கள் ஃபேசிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பெட்டியின் உடம்போடு இணைந்திருக்கின்றன. எர்த் அறுந்தால் பெட்டி முழுவதும் சுமார் 115 வோல்ட்டில் நிற்கும். தொட்டால் சுரீர் என்று இருக்கும் ஆனால் ஆளைத் தூக்கி அடிக்காது என்பதால் பல அலுவலகங்களில் இதை வருடக்கணக்கில் பழகிக்கொண்டிருக்கிறார்கள். பழகக் கூடாத விஷயம் அது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இன்சுலேஷன் ஒரு நாள் போனால் அதே பெட்டி முழு 230 வோல்ட்டோடு நிற்கும். அந்த நிலையில் கேபிளைச் செருகி எடுத்தால் போர்டில் உள்ள சிப்புகளும் போகும். எர்த் சரியாகும்வரை மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம்.

வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிற அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சதுர அலையைத் தருகின்றன. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சர்வர் எஸ்எம்பிஎஸ்கள் சில அதை ஏற்காமல் கிளம்ப மறுக்கும், அல்லது சூடேறும். சுவர் மின்சாரத்தில் எழுந்து, இன்வெர்ட்டரில் எழவில்லை என்றால் சர்வரைப் பிரிக்காதீர்கள்; சைன் வேவ் யுபிஎஸ் வாங்குங்கள். அசெம்பிள் செய்த பழைய பெட்டி என்றால் எஸ்எம்பிஎஸ் பின்னால் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்லைடு சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுத்தம் செய்தவர் கைபட்டு அது 115-க்கு நகர்ந்திருந்தால் நம் ஊர் மின்சாரத்தில் வெடித்துவிடும்.

ஸ்டாண்ட்பை

சுவர் சரி, கேபிள் சரி, இன்னும் இருட்டு என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை பகுதிக்கு வந்துவிட்டோம். சர்வர் அணைந்திருக்கும்போதும் இந்தப் பகுதி உயிரோடு இருக்க வேண்டும். பவர் பட்டன் அழுத்தப்பட்டதைக் கவனிப்பதும், பிஎம்சி என்ற மேலாண்மைச் சிப்பை ஓட்டுவதும் இந்த மின்சாரம்தான். இது இல்லை என்றால் பட்டனை யார் அழுத்தினாலும் கேட்க ஆளில்லை.

ஏடிஎக்ஸ் பெட்டி என்றால் அளப்பது சுலபம். 24 பின் கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றாமல், அதன் பின்புறம் வயர் நுழையும் துளை வழியாக மீட்டரின் சிவப்பு முனையை மெல்ல இறக்குங்கள். கறுப்பு முனை பெட்டியின் உடம்பில் இருக்கட்டும். மீட்டர் டிசி 20 வோல்ட்டில். ஊதா வயர்தான் ஸ்டாண்ட்பை. 5 வோல்ட், 5 சதவீதம் முன்பின்னாக, அதாவது 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே வர வேண்டும். பச்சை வயரில் 3-லிருந்து 5 வோல்ட்டுக்குள் ஏதாவது இருக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது மதர்போர்டு இந்தப் பச்சை வயரைப் பூஜ்யத்துக்கு இறக்கும். அதுதான் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கிளம்பச் சொல்லும் உத்தரவு. கிளம்பியபின் மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. எல்லாம் நிலைபெற்ற பிறகு, அரை நொடிக்குள், சாம்பல் வயரில் 5 வோல்ட் ஏறும். அது வந்தால்தான் பிராசசர் விழிக்கும்.

கனெக்டரைக் கழற்றாமல் அளக்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் அச்சகத்தில் இருந்த டவர் சர்வரில் ஊதா வயரைத் தனியாக அளந்தபோது மீட்டர் 5.1 காட்டியது. எஸ்எம்பிஎஸ் சரி, மதர்போர்டுதான் போயிற்று என்று முன்பு வந்த மெக்கானிக் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கனெக்டரை மறுபடி செருகிவிட்டு அதே வயரை அளந்தேன். எண் 5-ல் நிற்கவில்லை, 3.4, 2.9, மறுபடி 3.4 என்று ஏறி இறங்கியது. காதை எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அருகே கொண்டுபோனால் நொடிக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று மெல்லிய சத்தம். பாரம் ஏறியதும் ஸ்டாண்ட்பை விழுந்து, மீண்டும் எழ முயன்று, மீண்டும் விழுந்துகொண்டிருந்தது. இதே சத்தம் போர்டில் ஷார்ட் இருந்தாலும் வரும். அதனால் நல்லதென்று தெரிந்த இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை அதே போர்டில் செருகிப் பார்த்தோம். 5.05-ல் அசையாமல் நின்றது. போர்டு பிழைத்தது. பாரமில்லாமல் அளந்த வோல்டேஜை வைத்து எந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நற்சான்று தர வேண்டாம்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே ஓடவைக்கும் சோதனையைப் பலர் செய்கிறார்கள். ஏடிஎக்ஸ் தரத்தில் உள்ளவற்றுக்கு மட்டும் இது பொருந்தும். பெரிய நிறுவனங்களின் சர்வர்களில் வயரின் நிறமும் பின்னின் வரிசையும் வேறாக இருக்கலாம். அங்கே கிளிப்பை வைத்தால் போர்டு போகலாம். அப்படியே செய்வதானாலும் வேண்டாத பழைய டிஸ்க் ஒன்றைப் பாரமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

ரேக் சர்வரில் வேலை இன்னும் எளிது. அநேகமாக இரண்டு எஸ்எம்பிஎஸ்கள் இருக்கும், பின்னாலிருந்து உருவி எடுக்கலாம். இரண்டையும் எடுத்துவிட்டு, ஒன்றை மட்டும் ஒரு குழியில் செருகிப் பாருங்கள். பிறகு அதையே மற்றக் குழியில். பிறகு அடுத்ததை. இரண்டும் சேர்ந்தே இருக்கும்போது சோதிக்கக் கூடாது. ஷார்ட்டான ஒன்று நல்லதையும் இழுத்துப்பிடித்து வைத்துவிடும். இந்த மாற்றிச் செருகலிலேயே கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸிலா, அது உட்காரும் இணைப்புப் பலகையிலா என்று தெரிந்துவிடும். செருகும் முன் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் ஊரில் கருகிய பல்லி கிடப்பது அபூர்வம் அல்ல. எறும்புக் கூடும் உண்டு.

பலவீனமான எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து கெப்பாசிட்டர் மாற்றலாமா என்று கேட்பார்கள். எலக்ட்ரானிக்ஸ் வேலை தொழிலாக இல்லாதவர்கள் திறக்கவே கூடாது என்பேன். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 325 முதல் 400 வோல்ட் வரை டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அங்கேயே இருக்கும். அது சுரீர் என்பதோடு நிற்காது. உயிரை எடுக்கும்.

விளக்கு எரிகிறது, பட்டனுக்குப் பதில் இல்லை

இது நல்ல செய்தி. ஸ்டாண்ட்பை வந்துவிட்டது, உத்தரவுதான் போய்ச் சேரவில்லை, அல்லது சர்வர் வேண்டுமென்றே மறுக்கிறது.

எல்லாப் பவர் கேபிளையும் பிடுங்குங்கள். இரண்டு எஸ்எம்பிஎஸ் இருந்தால் இரண்டிலிருந்தும். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து மிச்சமிருக்கும் மின்சாரத்தை வடியவிட்டு, ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு கேபிளைச் செருகி, இரண்டு நிமிடம் கழித்து பட்டனை அழுத்துங்கள். இந்தக் காத்திருப்பு அவசியம். பிஎம்சி என்பது தனியே ஒரு குட்டிக் கணினி. அது முதலில் விழிக்க வேண்டும். மாதக்கணக்கில் நிற்காமல் ஓடி அது உறைந்துபோயிருந்தால் இந்த ஒரு வேலையிலேயே சர்வர் எழுந்துவிடும். பாதுகாப்புக்காகத் தன்னைப் பூட்டிக்கொண்ட எஸ்எம்பிஎஸ்ஸும் இப்படி மின்சாரத்தை முழுமையாகத் துண்டித்தால்தான் பூட்டைத் திறக்கும்.

எழவில்லை என்றால் சர்வரே தன் குறையைச் சொல்கிறதா என்று பாருங்கள். இந்த வசதியைப் பயன்படுத்தாமல் போர்டைக் கழற்றுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. பவர்எட்ஜ் 2950-இன் முன்னால் ஒரு சிறிய திரை இருக்கிறது. நீலம் என்றால் நலம், ஆரஞ்சு என்றால் கோளாறு எண்ணும் கூடவே ஓடும். எக்ஸ்3650-இல் முன்பக்கத்தில் இழுத்தால் வெளியே வரும் ‘லைட் பாத்’ பலகையில் எந்தப் பாகம் என்று விளக்கே காட்டும். டிஎல்380 ஜி5-இல் போர்டின் படம் போட்ட விளக்குப் பலகை உண்டு. 2004-இல் வந்த ஐபிஎம்ஐ 2.0 தரத்தைப் பின்பற்றும் சர்வர் என்றால் இன்னும் நல்லது: சர்வர் அணைந்திருக்கும்போதே நெட்வொர்க் கேபிள் வழியாக லேப்டாப்பிலிருந்து பிஎம்சியின் நிகழ்வுப் பதிவேட்டைப் படிக்கலாம். ஃபேன் நின்றது, வோல்டேஜ் விழுந்தது, எஸ்எம்பிஎஸ் காணவில்லை என்றெல்லாம் தேதியோடு எழுதி வைத்திருக்கும்.

வேண்டுமென்றே மறுப்பது என்றேனே, அதையும் பார்த்துவிடுவோம். மேல் மூடி சரியாக மூடாவிட்டால் கிளம்பாத மாடல்கள் உண்டு. டிஎல்380 ஜி5-இல் பிசிஐ கார்டுகளைத் தாங்கும் கூண்டு முழுதாக உட்காராவிட்டாலும் மறுக்கும்; பிராசசருக்கு மின்சாரம் தரும் சிறு பலகை அதில் தனியே கழற்றும்படி இருப்பதால் அது தளர்ந்தாலும் அப்படியே. சர்வரைச் சமீபத்தில் நகர்த்தியிருந்தால் இவற்றை ஒரு தடவை கழற்றி, தங்கநிற முனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டுங்கள். கடற்கரையோர ஊர்களில் இந்த முனைகளில் பச்சைப் படலம் பிடிக்கும்.

கடைசியாகப் பட்டனையே சந்தேகியுங்கள். அசெம்பிள் பெட்டியில் பவர் சுவிட்ச் வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு எடுங்கள். எழுந்துவிட்டால் ஒரு சாதாரண சுவிட்சோடு வேலை முடிந்தது. ரேக் சர்வரில் முன்பலகையிலிருந்து வரும் ரிப்பன் கேபிளை எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு நொடி சுற்றி நின்றுவிடுகிறது

உத்தரவு போய்விட்டது, எஸ்எம்பிஎஸ் கிளம்பியும் விட்டது. ஏதோ ஒன்று அளவுக்கு மீறி இழுப்பதால் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. எதை எடுத்தால் நிற்காமல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை எதையாவது கழற்றும் முன்னும் பவர் கேபிளைப் பிடுங்கி அரை நிமிடம் விடுங்கள்.

டிஸ்குகள் ஏற்கெனவே விலகி நிற்கின்றன. டேப் டிரைவ், டிவிடி டிரைவ், கூடுதல் கார்டுகள், முன்பக்க யுஎஸ்பி வயர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். யுஎஸ்பி துளைக்குள் உலோக நாக்கு வளைந்து ஒட்டிக்கொண்டிருந்தாலே ஷார்ட்தான். இரண்டு பிராசசர் இருந்தால் ஒன்றை மட்டும் விடுங்கள். ரேம் அந்த மாடலின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அளவுக்கு இருக்கட்டும். அந்தக் காலத்து எஃப்பி-டிம் ரேம்கள் பொதுவாக ஜோடியாகவே வேலை செய்யும். ஒன்றை மட்டும் தப்பான ஸ்லாட்டில் வைத்துவிட்டு போர்டைக் குறை சொல்லக் கூடாது. இந்த நிலையில் ஓடினால் கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக்கொண்டே வாருங்கள்.

பிராசசருக்குத் தனியே போகும் 8 பின் கனெக்டரில் கவனம். கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் கனெக்டர் பார்க்க அதேபோல இருக்கும், உள்ளே 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். யாரோ பலத்தை உபயோகித்து அதை இங்கே செருகியிருந்தால் நேரடி ஷார்ட்.

எல்லாம் கழற்றியும் நிற்கிறது என்றால் போர்டுதான். பவர் இல்லாத நிலையில், கனெக்டர்களைக் கழற்றிவிட்டு, போர்டு பக்கத்தில் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஒரு மாஸ்ஃபெட்டோ டான்டலம் கெப்பாசிட்டரோ ஷார்ட்டாகியிருக்கும். பிராசசரைச் சுற்றியுள்ள காயில்களில் அளந்து பயந்துவிடாதீர்கள். பிராசசரின் மின்வழியில் ஒன்றிரண்டு ஓம், அதற்கும் குறைவாகக் காட்டுவது இயல்பு. கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ, பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்தப் போர்டை ரிப்பேர் பார்ப்பதைவிட அதே மாடல் சர்வர் ஒன்றை முழுதாக வாங்குவது பெரும்பாலும் மலிவு.

மாற்று எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது

சென்னை ரிச்சி தெருவிலோ பெங்களூரு எஸ்.பி. ரோடிலோ பழைய சர்வர் உதிரிகள் கிடைக்கும். மாடல் பெயரைச் சொல்லி வாங்காமல், லேபிளில் உள்ள பார்ட் நம்பரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே சர்வருக்கே இரண்டு மூன்று வாட்டேஜில் எஸ்எம்பிஎஸ் வந்திருக்கும். இரண்டு குழியிலும் ஒரே ரகம் இருக்க வேண்டும். கடைக்காரர் பாரமில்லாமல் விளக்கை எரியவிட்டுக் காட்டினால் போதாது. ஏதாவது சர்வரில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அசெம்பிள் பெட்டி என்றால் மலிவான டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர்க்கவும்: சர்வர் போர்டில் பிஎம்சியும் நெட்வொர்க் சிப்பும் ஸ்டாண்ட்பையிலேயே நிறையக் குடிக்கும், மலிவானவற்றால் அதைத் தர முடியாது. லேபிளில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பைக்கு எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, பழையதைவிடக் குறையாமல் வாங்குங்கள்.

எழுந்த பிறகு

டிஸ்குகளை எண் பார்த்து உள்ளே தள்ளிவிட்டுத்தான் கடைசி முறை ஆன் செய்ய வேண்டும். ரெய்டு கார்டு டிஸ்க் இல்லாமல் எழுந்துவிட்டால் குழம்பக்கூடும். ஆகவே சோதனைக்காக ஓட்டும்போதெல்லாம் பயாஸ் திரையைத் தாண்ட விடாதீர்கள். கார்டு ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் அணைத்துவிடுங்கள்.

தேதி 2000-த்துக்கோ அதற்கும் முன்னாலோ போயிருந்தால் சிஆர்2032 செல் காலி. 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். செல் தீர்ந்து பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தால், விண்டோஸையோ லினக்ஸையோ எழவிடும் முன் தேதியையும் பூட் வரிசையையும் சரிசெய்யுங்கள். போர்டிலேயே உள்ள சாட்டா ரெய்டு என்றால் அது ரெய்டு நிலையிலேயே இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏஹெச்சிஐ ஆக மாறியிருந்து, ஜோடி டிஸ்குகள் தனித்தனியாகத் தெரிந்து, ஒன்றில் மட்டும் எழுதப்பட்டுவிட்டால் இரண்டும் பொருந்தாமல் போகும்.

திரையில் லாகின் வந்ததும் சந்தோஷத்தில் ரீஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோடு எப்படியோ எழுந்திருந்தால், அடுத்த தடவை எழும் என்று உத்தரவாதம் இல்லை. ஓடட்டும். வெளி டிஸ்க்கில் முழு பேக்கப் எடுங்கள். டேட்டாபேஸ் இருந்தால் ஃபைலாகக் காப்பி எடுப்பதோடு நிற்காமல் டம்ப்பும் எடுங்கள். வேறொரு கணினியில் அந்த டம்ப்பைத் திறந்து, நேற்றைய கடைசி பில்லோ ரசீதோ அதில் இருக்கிறதா என்று அலுவலகத்தாரையே பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் இருக்கிறது என்று சொன்ன பிறகு, ரேக் சர்வராக இருந்தால் எஸ்எம்பிஎஸ்களை ஓட்டத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள். டவராக இருந்தால் அப்போது ஷட் டவுன் கொடுத்து மாற்றுங்கள். மாற்றிய தேதியை எஸ்எம்பிஎஸ்ஸின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.